நடுவயதில் பட்டப்படிப்பு, வீட்டு விசாரம், சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

தக்கலையிலிருந்து நாகர்கோவில் செல்லும் டவுன் பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு, உதடு பிரியாமல் முனகிக்கொண்டு வரும் பெண்ணை நீங்கள் பார்த்திருந்தால் அது நானாக இருக்கலாம். மடியில் வரலாற்றுப் பாடநூல் இருக்கும். பைக்குள் மாமியின், அதாவது என் மாமியாரின், மருந்துச் சீட்டு இருக்கும். காதில் ஒலிப்பது வரும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டின் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல் பகுதி. நாற்பத்து மூன்று வயதில் பி.ஏ. சேர்ந்தேன். அதற்கு ஓராண்டு முன்புதான் சபையின் பாடகர் குழுவில் சேர்ந்திருந்தேன். மாமிக்குப் பக்கவாதம் வந்தது இரண்டும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்.

“மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறாய்?” என்று கேட்கிறார்கள். ஒரே நாளில் மூன்றையும் சமாளித்ததாக எனக்கு நினைவில்லை. ஒன்று முன்னால் வந்தால் மற்ற இரண்டும் சற்றுப் பின்னால் நிற்கும். எந்த மாதத்தில் எது முன்னால் வரும் என்று முன்பே தெரிந்துவைத்திருந்தால் பாதிச் சண்டை குறையும். அதைத் தெரியாமல் ஓராண்டை வீணாக்கியவள் என்பதால், இப்போது சேரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கட்டணம் கட்டும் முன் ஒரு சார்ட் தாள்

பிள்ளைகளின் புராஜெக்டுக்கு வாங்கி மிஞ்சிய சார்ட் தாள் வீட்டில் ஒன்றாவது இருக்கும். அதில் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். மூன்று நிறப் பேனா வேண்டும். ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று ஆலயத்துக்கு, ஒன்று வீட்டுக்கு.

பல்கலைக்கழக நிறத்தில் தொடங்குங்கள். இக்னோ என்று நாம் சொல்லும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு இரு சேர்க்கைகள், ஜனவரியிலும் ஜூலையிலும். தேர்வுகளும் இரண்டு, ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர்த் தேர்வு மாதத் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜனவரி வரை இழுக்கும். வேறு பல்கலைக்கழகத்தில் சேர்கிறீர்கள் என்றால் அதன் தேர்வு மாதங்களைக் கேட்டு எழுதுங்கள்.

அடுத்து ஆலய நிறம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். கேரல் ஆராதனை, கேரல் பவனி, கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை, ஆண்டு இறுதி இரவு ஆராதனை என்று டிசம்பர்க் கட்டம் நிரம்பி வழியும். கத்தோலிக்கர்கள் என்றால் நெருக்கடி இன்னும் முன்பே வந்துவிடும். கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் 24-இல் கொடியேறி டிசம்பர் 3-இல்தான் முடியும். அந்த நாளுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள், ஆனால் மத்தியப் பல்கலைக்கழகத்தின் தேர்வு அட்டவணைக்கு நம் உள்ளூர் விடுமுறை தெரிய வேண்டிய அவசியமில்லை. பாடகர் குழு கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான கதை என்றும் நினைக்க வேண்டாம். என் கூடப் படிக்கும் சுசீந்திரத்துக்காரர் ஒருவர் மார்கழி பஜனைக் குழுவில் பாடுகிறார். மார்கழித் திருவிழாவும் தேர்வும் அவர் கழுத்தைப் பிடிப்பது இதே மாதத்தில்தான்.

கடைசியில் வீட்டு நிறம். மார்ச்சில் பிள்ளைகளின் பொதுத்தேர்வு. அதை ஒட்டித் தவசு காலம், பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனை, உயிர்த்தெழுந்த திருநாள். ஜூனில் பள்ளி திறப்பும் அதற்கான செலவும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டம் இது. ஜூனில் ஒரு சளி, நவம்பரில் ஒரு சளி என்று எங்கள் வீட்டில் கணக்கு. அதையும் எழுதுங்கள். பாடுகிறவளுக்குச் சளி என்பது வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று.

தாளைச் சுவரில் ஒட்டிச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். மூன்று நிறமும் குழம்பிக் கிடக்கும் கட்டம் டிசம்பர். ஆகஸ்டும் செப்டம்பரும் கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கும். நான் சொல்ல வந்ததில் பெரும் பகுதி இந்த இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும்: டிசம்பரின் வேலையை ஆகஸ்டில் செய்யுங்கள். ஆண்டு முறைப் படிப்பில் கடினமான தாள்களை ஜூனுக்கும், எளிதான ஒன்றிரண்டை மட்டும் டிசம்பருக்கும் ஒதுக்குங்கள்.

முதலாண்டில் என்னிடம் இந்தத் தாள் இல்லை. கேரல் பவனியின் கடைசி இரவில் ஜீப்பின் பின்னால் நின்று பாடி, வீடு வீடாகக் கொடுத்த கேக்கையும் கட்டன்காப்பியையும் குடித்துத் தின்று, வீடு சேரும்போது மணி இரண்டு. காலை பத்து மணிக்குத் தேர்வு. ஐந்து கேள்விகள் எழுத வேண்டிய இடத்தில் மூன்றோடு நின்றேன். நான்காவதன் நடுவில் பேனா தாளில் நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தது. தூங்கியிருக்கிறேன். மேற்பார்வையாளர் மேசையைத் தட்டியதில் விழித்தேன். மதிப்பெண் 31. தேர்ச்சிக்கு 35 வேண்டும்.

படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

இதில் அவசரம் வேண்டாம். விளம்பரத்தில் “ஒரே ஆண்டில் பட்டம்” என்று பார்த்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். தொலைநிலைப் படிப்பு நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தர வேண்டும். அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்களும் அவற்றின் படிப்புகளும் அதன் இணையதளத்தில் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். 2024-இலிருந்து தொலைநிலை, இணையவழிப் படிப்பில் சேர டெப் ஐடி என்ற அடையாள எண்ணும் கட்டாயம். அதற்கு முதலில் ஏபிசி ஐடி எடுக்க வேண்டும், அது நாம் படித்துப் பெறும் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண். ஆதாரில் உள்ள பெயரும் பழைய மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் இந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். நம் ஊரில் ஞானஸ்நானப் பெயர், பள்ளிப் பெயர், திருமணத்துக்குப் பிந்தைய பெயர் என்று ஒருத்திக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். சேர்க்கை தொடங்கும் முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

பிளஸ் டூ முடிக்காதவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும். பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்து வாங்கிய பட்டம் அங்கே உதவாது. அரசு வேலை எண்ணம் இருந்தால் முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதுங்கள். இரண்டு ஆண்டு போகுமே என்று தோன்றும். போகட்டும்.

தமிழ்வழியில் எழுத விரும்புகிறவர்களுக்கு 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேரும் முன் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தேர்வு மையம் நம் மாவட்டத்தில் எங்கே, நேர்முக வகுப்பு எந்தக் கிழமை, பாடநூல் கைக்கு எப்போது வரும். வகுப்பு ஞாயிறு காலை என்றால் பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு அங்கேயே ஒரு முடிச்சு விழுகிறது.

இனி மணிக்கணக்கு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு 40 கிரெடிட் உள்ள பட்டப்படிப்பு என்றால் 1200 மணி நேரம். வாரத்துக்கு 23 மணி நேரம் வருகிறது. வேலைக்கும் போய், படுக்கையில் ஒருவரையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இந்த 23 எங்கிருந்து வரும்? எனக்கு நல்ல வாரத்தில் 12 மணி நேரம் கிடைக்கும். அதனால்தான் மூன்றாண்டுப் படிப்பை ஆறாண்டு வரை முடிக்கலாம் என்ற விதியை நான் முதல் நாளே சுழித்துவைத்தேன். ஐந்தாண்டு என்று வீட்டில் சொல்லித்தான் சேர்ந்தேன். “அப்போது எனக்குக் கல்யாண வயதாகிவிடும் அம்மா” என்றாள் மகள். ஆகட்டும், பட்டதாரி அம்மா என்று பத்திரிகையில் போடு என்றேன்.

பாடகர் குழுவில் சேர்தல்

இங்கே கொஞ்சம் நின்று பேசுவேன், பிடித்த இடம் அல்லவா.

முதல் நாள் குழுத் தலைவர் பியானோவில் ஒரு சுரத்தை அழுத்தி, அதிலிருந்து கீழேயும் மேலேயும் உங்களைப் பாடச் சொல்வார். பெண்களில் மேல்குரல் சோப்ரானோவுக்கும் கீழ்க்குரல் ஆல்ட்டோவுக்கும் போகும், ஆண்களில் மேல்குரல் டெனருக்கும் கீழ்க்குரல் பாஸுக்கும். ஆல்ட்டோ என்றதும் முகம் சுருங்க வேண்டாம். மெட்டு பெரும்பாலும் சோப்ரானோவிடம்தான் இருக்கும், ஆல்ட்டோவுக்குப் பல சமயம் ஒரே சுரத்தில் நான்கு தாளம் நிற்கும் வேலை. அவியலில் தேங்காய் மாதிரி. தனியாகத் தெரியாது, இல்லாவிட்டால் உடனே தெரியும்.

புதிதாக வருகிறவர் செய்யும் தவறு, மெட்டு காதில் விழுந்ததும் அதோடு போய்விடுவது. நானும் ஆறு மாதம் அப்படிப் போனேன். மருந்து எளிது. அனுபவமுள்ள இரண்டு ஆல்ட்டோக்களுக்கு நடுவில் நிற்க இடம் கேளுங்கள். முதல் மாதம் பாதிக் குரலில் பாடி, இரு பக்கமும் கேளுங்கள்.

நோட்டேஷன் தெரியாது என்று பயப்படாதீர்கள். நம் சபைகளில் பலவற்றில் இன்னும் புழங்குவது டானிக் சோல்ஃபா. இங்கிலாந்தில் சாரா குளோவர் உருவாக்கி, ஜான் கர்வன் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை. டோ, ரே, மி என ஏழு சுரங்களின் முதலெழுத்துகளையே வரிசையாக எழுதியிருப்பார்கள். நிமிர்ந்த கோடு தாளக்கட்டைப் பிரிக்கும், இரட்டைப்புள்ளி தட்டுகளைப் பிரிக்கும். ச ரி க ம தெரிந்தவருக்கு இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும், ஏனென்றால் இதிலும் டோ நிலையான இடத்தில் இல்லை. பாட்டின் சுருதிக்கேற்ப நகரும். கீர்த்தனை பாடும்போது நான்கு குரல் கிடையாது, எல்லாரும் ஒரே மெட்டு. அந்த ஞாயிறுகள் புதியவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு.

பயிற்சிக்கு மூன்று பொருள் கொண்டுபோங்கள்: பென்சில், தண்ணீர், பதிவு செய்யச் சார்ஜ் உள்ள கைப்பேசி. பென்சிலால் மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சிறு காற்புள்ளி போடுங்கள். குழுத் தலைவரிடம் அனுமதி கேட்டு, உங்கள் பகுதியை மட்டும் தனியாக வாசிக்கும்போது பதிவு செய்யுங்கள். முழுக் குழுவும் பாடுவதைப் பதிவு செய்து பயனில்லை, அதில் உங்கள் காதும் சோப்ரானோவைத்தான் தேடும். எனக்கு வாரம் முழுவதும் வீட்டில் பயிற்சி என்று தனி நேரம் இல்லை. பாத்திரம் கழுவும் பத்து நிமிடமும் பஸ்ஸும் போதும்.

சேர்ந்த நாளே தலைவரிடம் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். தேர்வு வாரத்துக்கு முன்தினம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்ச் சொல்வதில் அர்த்தமில்லை, நான்கு ஆல்ட்டோக்களை நம்பி ஒருவர் கேரல் ஆராதனைக்குப் பாட்டு தேர்ந்தெடுத்திருப்பார். நான் இப்போது ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுக்கிறேன்: கேரல் ஆராதனைக்கு வருவேன், அதற்கான எல்லாப் பயிற்சிக்கும் வருவேன், இரவுப் பவனிக்கு வரமாட்டேன். முதல் தடவை அவர் சற்று முறைத்தார். மறு ஆண்டு டெனரில் இரண்டு பையன்கள் தங்கள் செமஸ்டர் தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார்கள். இப்போது அவரே செப்டம்பரில் எல்லாரிடமும் கேட்கிறார்.

வீடு

எங்கள் பக்கம் கவலையை விசாரம் என்போம். அந்தச் சொல்லுக்கு விசாரணை என்ற பொருளும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் மனம் குறுக்கு விசாரணையைத் தொடங்கிவிடும்: கடன் தவணை, மகளின் கணக்குத் தேர்வு, மாமியின் இரத்த அழுத்தம், மஸ்கட்டில் கணவருக்கு இந்த மாதச் சம்பளம் வந்ததா.

என் கணவர் ஓமனில் இருக்கிறார். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், வெள்ளியும் சனியும் விடுமுறை. முன்பெல்லாம் தினமும் இரவு போனில் பணக்கணக்குதான். பேசி முடித்தபின் புத்தகம் கையில் ஏறாது. இப்போது ஒரு வழக்கம். பணம், வீட்டுப் பத்திரம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் வெள்ளிக்கிழமை இரவு மட்டும். மற்ற நாட்களில் தோன்றுவதை ஒரு நோட்டில் எழுதிவைத்து, வெள்ளியன்று வரிசையாகப் படிப்பேன். செவ்வாயன்று மலையாகத் தெரிந்த சில விஷயங்கள் வெள்ளிக்கிழமைக்குள் தாமாகவே கழன்றிருக்கும். கழலாதவற்றுக்கு இருவரும் சேர்ந்து முடிவெடுப்போம். சனிக்கிழமை பயிற்சிக்குப் போகும்போது நெஞ்சு கொஞ்சம் காலியாக இருக்கும். நெஞ்சு காலியாக இருந்தால்தான் மூச்சு அடிவயிறு வரை போகும் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும்.

படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய உதவிகளைக் கேட்பதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்பவர்களுக்கான வலிநிவாரணக் கவனிப்பும் அதில் அடக்கம். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்துவையுங்கள். மாத்திரைக்காக வரிசையில் நிற்கும் அரைநாள் மிச்சமாகும். அரைநாள் என்பது ஒரு அசைன்மெண்ட் கேள்வி.

உங்களுக்கே மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணமில்லை. ஒரு பிப்ரவரியில் நான் அழைத்தேன். அவ்வளவுதான் சொல்வேன்.

சனிக்கிழமை மாலை மாமியிடம் யார் இருப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையாக இருந்தது. மகள் இருப்பாள் என்று நானாகவே முடிவெடுத்தது தவறு. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கும் சனிக்கிழமை மாலை ஒன்று உண்டு. இப்போது மூன்று சனிக்கு மூன்று ஆட்கள்: ஒரு வாரம் மகள், ஒரு வாரம் எங்கள் மைனி (மதினி), ஒரு வாரம் பக்கத்து வீட்டு அக்கா. அக்காவுக்குப் பதிலாக நான் அவர்களின் வங்கி வேலையையும் ரேஷன் கார்டு வேலையையும் பார்த்துக் கொடுக்கிறேன். நான்காவது சனி பயிற்சிக்குப் போவதில்லை. அன்று மாமியோடு இருப்பது நான்.

அந்த நான்காம் சனிகளில் ஒன்றில்தான் இது நடந்தது. மாமி வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பின் பேசுவது குறைந்துவிட்டது. ஒவ்வொரு ஸ்பூனாகக் கஞ்சி கொடுத்துக்கொண்டே மறுநாள் பாட்டின் ஆல்ட்டோவை முனகிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியில் ஒரு அரைச்சுரம் இறங்க வேண்டும், எனக்கு அது எப்போதும் பிசகும். ஸ்பூனை நீட்டினேன், அவர் வாய் திறக்கவில்லை. பசியில்லையோ என்று பார்த்தால் இடது கை விரலைப் போர்வைக்கு மேல் கீழ்நோக்கி அசைத்துக்கொண்டிருக்கிறார். கீழே, இன்னும் கீழே என்று. மறுபடியும் பாடினேன். விரல் நின்றது. “இப்போது சரி மக்களே” என்றார், குழறலாக. வாயைத் திறந்தார். கல்யாணத்துக்கு முன் அவர் தன் ஊர் ஆலயத்தில் ஒன்பது ஆண்டு ஆல்ட்டோ பாடியவர் என்பது, அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபது ஆண்டு கழித்து அன்றுதான் எனக்குத் தெரியும்.

படிக்கும் முறை

குழுத் தலைவர் ஒருநாளும் பாட்டை முதல் வரியிலிருந்து முடிவு வரை திரும்பத் திரும்பப் பாடவைப்பதில்லை. பிசகும் இரண்டு தாளக்கட்டை மட்டும் எடுப்பார், மெதுவாக்குவார், ஐந்து தடவை பாடவைப்பார், பிறகு முன்னும் பின்னும் இருக்கும் வரிகளோடு ஒட்டுவார். நான் மட்டும் பாடநூலை ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தேன். முதல் அலகு மனப்பாடம், ஐந்தாவது அலகைப் பார்த்ததே இல்லை. பலரின் பாடநூலும் அப்படித்தான், முதல் முப்பது பக்கம் மட்டும் அழுக்காக இருக்கும்.

பழைய வினாத்தாள்கள் மூன்றை எடுத்து முதலில் படியுங்கள். புத்தகத்தை மூடிவைத்து ஒரு கேள்விக்கு உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் திறங்கள். நாலு நாள் கழித்து அதே கேள்வியை மறுபடியும். ஆஸ்பத்திரி பெஞ்சுக்குப் பாடநூலைக் கொண்டுபோக வேண்டாம், அங்கே படிப்பு ஓடாது. வினாத்தாள் ஒன்றை மடித்துக் கொண்டுபோங்கள்.

வயது கூடினால் ஆண்டுகள் மனத்தில் நிற்பதில்லை என்று குறைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. புதிதாக வருவதை ஏற்கெனவே வீட்டில் இருப்பதோடு முடிச்சுப் போடுங்கள். 1741 ஆகஸ்டில் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றது. அதே ஆகஸ்டின் பின்பகுதியில் லண்டனில் இசையமைப்பாளர் ஹாண்டல், பாடகர் குழுக்கள் பாடும் மேசியா என்ற இசைப்படைப்பை எழுத உட்கார்ந்து, செப்டம்பரில் முடித்தார். பாடுகிற எனக்கு இரண்டாவது தெரியும், அதன் முதுகில் முதலாவதை ஏற்றிவிட்டேன். அந்தப் போரில் பிடிபட்டுப் பின்பு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. என் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகிறது. பாடநூலில் ஒரு பத்தி, ஜன்னலுக்கு வெளியே ஒரு கோட்டை. மறக்குமா?

நேரம் எங்கே என்றால், எனக்கு விடியலில். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பும் நேரம் அது. என் அப்பா அப்படிப் போனவர், நாலரைக்கு எழும் பழக்கம் அங்கிருந்து வந்தது. இரவு ஆந்தைகள் என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

அசைன்மெண்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இக்னோவில் மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு. கையால்தான் எழுத வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பர் ஞாயிறு மதியங்களில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கேள்வி வீதம் எழுதினால் அக்டோபருக்குள் முடிந்துவிடும். கொடுக்கும் முன் நகல் எடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் கொடுத்து, பின்பு “வரவில்லை” என்ற பதிலைக் கேட்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருத்தி.

டிசம்பர்

இந்த மாதத்தில் எதையாவது விட்டே ஆக வேண்டும். எதை விடுவது என்று நவம்பரிலேயே எழுதிவைப்பது நல்லது. நான் விட்டவை: கேரல் பவனி, வீட்டில் கேக் செய்வது, முறுக்கு அச்சு முழுவதும். வாங்கிய பலகாரம் வைத்தால் யாரும் விசுவாசத்தை விட்டுப் போய்விடுவதில்லை. விடாதவை: கேரல் ஆராதனை, சனிப் பயிற்சி. தேர்வு மாதத்தில் பயிற்சியைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள் உறவினர்கள். செவிசாய்க்க வேண்டாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் எதிரே ஒருவர் கை காட்ட, எங்கே தொடங்குவது எங்கே நிறுத்துவது என்று நான் முடிவெடுக்க வேண்டியில்லாத ஒரே இடம் அது. அதை வெட்டிய வாரங்களில் நான் கூடுதலாகப் படித்ததாக என் நோட்டு சொல்லவில்லை.

தொண்டைக்கு ஒன்று சொல்ல வேண்டும். குரல் கட்டினால் கிசுகிசுப்பாகப் பேசுவது நல்லது என்று நினைக்கிறோம். அதுவும் குரல்நாணுக்குச் சிரமம்தான். பேசாமல் இருங்கள், தண்ணீர் குடியுங்கள். தேர்வு மண்டபத்தில் எப்படியும் பேச வேண்டியதில்லை.

ஹால் டிக்கெட் வந்த அன்றே இரண்டு நகல் எடுத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் நம் ஊரில் திறந்திருக்கும் ஜெராக்ஸ் கடையைத் தேடுவது தேர்வைவிடக் கடினம்.

ஓராண்டு எல்லாமே கைவிட்டுப் போகலாம். மாமி விழுந்த ஆண்டில் நான் ஒரு தாளும் எழுதவில்லை, நாலு மாதம் பாடவும் போகவில்லை. கட்டிய தேர்வுக் கட்டணம் போனது போனதுதான். பதிவு உயிரோடு இருக்கிறதா, மறுசேர்க்கைக்குக் கடைசி நாள் எது என்ற இரண்டை மட்டும் அப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். குழுவுக்குத் திரும்பும்போது மன்னிப்புக் கேட்டு நீண்ட உரை தேவையில்லை. நான் பின்வரிசையில் போய் நின்றேன், பக்கத்திலிருந்தவர் பாட்டுத் தாளை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார்.

டிசம்பர் கடைசியில் புதுச் சார்ட் தாள் வாங்குங்கள். பழையதைக் கிழிக்காமல் அதன்மேலேயே ஒட்டுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். எங்கள் வீட்டில் அது மாமியின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. முடிந்த நாளை அடிக்கும் பென்சில் அவர் தலையணைக்கடியில் இருக்கும். அவர் சொல்லும் இடத்தில் மகள் கோடு போடுவாள். நான்காம் சனிகளை மட்டும் அவர் அடிக்கவிடுவதில்லை. அவற்றைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்கிறார்.